இல்லாத விரலுக்கு ஒரு கையெழுத்து

வலது கைக் கட்டைவிரல் ரேகை வேண்டும் என்று இன்சூரன்ஸ் ஆபீசில் கேட்டிருப்பதாக மனைவி சொன்னபோது, அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். திரும்பாமலே வலது கையை மட்டும் தூக்கிக் காட்டினார். அதில் கட்டைவிரல் இல்லை. பக்கத்து விரலும் இல்லை. இரண்டையும் எட்டு மாதத்துக்கு முன்பே தகடு வெட்டும் மிஷின் எடுத்துக்கொண்டது.

"மிஷின்கிட்ட போய்க் கேக்கச் சொல்லு" என்றார்.

இருபத்திரண்டு வருஷம் அந்த மிஷினில் நின்றதால் தெருவில் அவருக்குத் தகடு என்றே பெயர். விபத்துக்குப் பிறகு அரசாங்க இன்சூரன்சிலிருந்து மாதாமாதம் ஊன உதவித்தொகை வந்தது. வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான். தொகை வந்ததே தவிர, தகடு வெளியே வரவில்லை. சுவரில் ஒரு விரிசல் இருந்தது. காலையிலிருந்து மாலைவரை அதைப் பார்ப்பதுதான் அவருக்கு உத்தியோகம். விரிசல் எங்கே ஆரம்பிக்கிறது, எந்த இடத்தில் கிளை பிரிகிறது என்று கேட்டால் உடனே சொல்லுவார். வேறு எதைக் கேட்டாலும் பதில் வராது.

மனைவி ஐந்தாம் வகுப்பு வரை போனவள். வந்த கடிதத்தை அவள்தான் படித்துச் சொன்னாள். மறு ஆய்வு நடக்கிறதாம். ரேகை வைக்க விரல் இல்லாதவர்கள் இடது கையால் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். வருஷம் முடிவதற்குள் கையெழுத்து ஏற்கப்படவில்லை என்றால் உதவித்தொகை நின்றுவிடுமாம்.

"இடது கையில கட்டைவிரல் இருக்கே. அதை வெச்சுக்கச் சொல்லு."

"கேட்டுப் பாத்தேங்க. இடது விரல் உங்களோடதுதான்னு வலது விரலை வெச்சு உறுதி பண்ணணுமாம்."

தகடு முதல் தடவையாகச் சுவரை விட்டுத் திரும்பினார்.

"இதை எந்தப் புண்ணியவான் சொன்னான்?"

மனைவி துணி தேய்க்கும் கடையில் வேலை பார்த்தாள். கடைக்கு நேர் எதிரில் அந்த ஆபீஸ். அங்கே ஒருத்தர் இருக்கிறார் என்றாள். மூக்குக்கண்ணாடியை நூல் போட்டுக் கட்டியிருப்பார், காதில் பென்சில் செருகியிருப்பார். அவரைத் தாண்டாமல் ஈ காக்கா உள்ளே போக முடியாதாம்.

அன்றைக்கே தகடு பேனாவைப் பிடித்தார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மனிதர். பெயரில் நாலே எழுத்துத்தான். மனைவி எழுதிக் காட்டினாள். அதைப் பார்த்து அவர் எழுதியது, நாலு சிலந்திகள் கட்டிப் புரண்டு சண்டை போட்டது போல் இருந்தது. பத்து நாளில் சிலந்திகள் சமாதானமாகி வரிசையில் நின்றன. மனைவி காகிதத்தை எடுத்துக்கொண்டு போனாள். மாலையில் அதே காகிதத்தோடு திரும்பி வந்தாள்.

"சாய்வு அதிகமாம்."

நிமிர்த்தி எழுதினார். அடுத்த வாரம் அதுவும் திரும்பி வந்தது. மூன்று தடவை போட்டால் மூன்றும் ஒரே அச்சாக இருக்க வேண்டுமாம். தகடுக்கு வேகம் பிறந்தது. காலண்டரில் போட்டார். கேஸ் சிலிண்டரில் போட்டார். சுவர் விரிசலின் இரண்டு பக்கமும் போட்டார். வீட்டில் காகிதம் தீர்ந்ததும் பக்கத்துத் தையல் கடைக்குப் போய், வெட்டி எறிந்த துண்டுத் துணிகளில் பால்பாயிண்ட் பேனாவால் போட்டுப் பழகினார்.

எல்லாத் துணியும் துண்டுத் துணி என்று நினைத்ததுதான் தப்பாகிவிட்டது. ஒரு வக்கீல் சட்டைக்குக் கொடுத்திருந்த வெள்ளைத் துணியும் அங்கே கிடந்தது. தையல்காரர் குனிந்த தலை நிமிராமல் தைத்தார். வக்கீல் வெயிலுக்குக் கோட்டை விட்டுவிட்டு அதை மட்டும் போட்டுக்கொண்டு, முதுகில் தகடின் கையெழுத்தோடு, ஒரு நாள் முழுக்கக் கோர்ட்டில் வாதாடினார். மறுநாள் சட்டை பறந்து வந்து தையல்காரர் முகத்தில் விழுந்தது.

தகடு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். தையல்காரர் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எழுத்து கண்ணுல ஒத்திக்கிற மாதிரி இருக்குய்யா. என் அளவு நோட்டை நானே திரும்பப் படிக்க முடியறதில்ல. நீ வந்து எழுது. அதுதான் உனக்குத் தண்டனை."

அப்படித்தான் தகடு அளவு நோட்டு எழுத ஆரம்பித்தார். தெரியாத எழுத்துகளை ராத்திரி மனைவியிடம் கேட்டுப் பழகிக்கொண்டார். தையல்காரர் டேப்பைப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்ல, மார்பு, தோள், கை நீளம் என்று இடது கையால் எழுதினார். ஒரே மாதத்தில், இந்தக் கடைச் சட்டை இப்போதெல்லாம் உடம்புக்குச் சரியாக இருக்கிறதே என்று ஊரில் பேச்சு. சனிக்கிழமை சனிக்கிழமை கையில் கொஞ்சம் கூலியும் கிடைத்தது.

மனைவி இதையும் ஆபீசில் சொல்லிவிட்டாள் போல. அடுத்த வாரம் ஒரு செய்தி வந்தது.

"உக்காந்து எழுதறவருக்கு என்ன ஊனம்னு கேக்கறாருங்க. விபத்து நடந்ததை நடந்தபடி ஒரு பக்கம் உங்க கைப்பட எழுதித் தரணுமாம்."

"நீ எதுக்கு அவருகிட்ட அளந்தே?"

"மனசுல எதையும் பூட்டி வெச்சுக்கத் தெரியாதுங்க எனக்கு."

கிடைத்த சில்லறைக் கூலியால் மாதத் தொகையே போய்விடுமோ என்று தகடுக்குப் பயம். அன்றிலிருந்து மூக்குக்கண்ணாடி போட்ட ஆள் எவர் கடைப்படி ஏறினாலும் வெட்டும் மேஜைக்கு அடியில் பாய்ந்தார். எழுதுவதை மட்டும் விடவில்லை. கண்ணாடி போட்ட ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு அளவெடுத்தபோது, "மார்பு முப்பத்தெட்டா, முப்பத்தொம்பதா?" என்று மேஜைக்கு அடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. வாத்தியார் அளவைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே போனார். அவர் திரும்பி வரவேயில்லை.

விபத்தைப் பற்றிய பக்கத்தை எழுத நாலு நாள் ஆயிற்று. மிஷின் சத்தத்தை எப்படி எழுதுவது என்றே ஒரு நாள் யோசித்தார். விரல் போன நொடியில் வலிக்கு முன்னால் வந்தது வெட்கம்தான் என்று எழுதினார். இனி எதற்கும் ஆகமாட்டோம் என்று நினைத்ததை எழுதினார். அதுவரை ஒருவரிடமும் சொல்லாததெல்லாம் அந்தப் பக்கத்தில் இருந்தது. வீடு திரும்பியதும் விரிசலைப் பார்க்க மறந்துபோனார்.

மனைவி பக்கத்தைக் கொண்டுபோனாள். மாலையில் கொண்டுவந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஓரத்துல மார்ஜின் விடலையாம்."

தகடு எழுந்தார். இடது கையால் சட்டைப் பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். மறுநாள் காலை வரைக்கும் அந்தச் சட்டையைக் கழற்றவில்லை. விடிந்ததும் பக்கத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"எங்கேங்க?"

"அந்த மார்ஜினை நேர்ல பாத்துட்டு வர்றேன்."

அவள் தடுக்கவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பயந்துபோயிருக்கிறாள் என்று தகடு நினைத்துக்கொண்டார்.

பஸ் போர்டை எவரிடமும் கேட்காமல் தானே படித்து ஏறினார். ஆபீஸ் வாசலில் ஒரு ஸ்டூல் காலியாகக் கிடந்தது. கேட்பார் இல்லாததால் நேரே உள்ளே போனார். கவுண்டரில் ஒரு அம்மா இருந்தார். வழி முழுக்க மனப்பாடம் செய்துவைத்திருந்த கோபத்தையெல்லாம் தகடு அந்த அம்மாவிடம் கொட்டினார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைத் தட்டினார்.

"உங்க மறு ஆய்வு அப்பவே முடிஞ்சிருச்சே. ஆயுசு முழுக்கத் தொகை வரும்னு லெட்டரும் போட்டோமே."

"அப்ப கையெழுத்து?"

"யாரும் கேக்கலையே."

 தையல் கடையில் எழுதுவதைத் தகடு ஒளிக்காமல் சொன்னார். அந்த அம்மா அவருடைய வலது கையை ஒரு தடவை பார்த்தார்.

"தாராளமா எழுதுங்க. கட்டைவிரல் முளைச்சா மட்டும் வந்து சொல்லுங்க."

கண்ணாடியை நூலால் கட்டி, காதில் பென்சில் செருகிய ஆபீசர் எங்கே என்று கேட்டார். எங்கள் கவுண்டரில் அப்படி ஆளே கிடையாது என்று சொல்லிவிட்டு அந்த அம்மா அடுத்தவரைக் கூப்பிட்டார்.

தகடு வெளியே வந்தார். டீ குடிக்கப் போயிருந்த வாட்ச்மேன் இப்போது ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போனவர்கள் நோட்டில் கையெழுத்துப் போடாமல் வெளியே போகக் கூடாது என்று மடக்கினார். தகடு நாலு எழுத்தையும் நிமிர்த்தி, அழுத்திப் போட்டார். வாட்ச்மேன் நூல் கட்டிய மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கையெழுத்தைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"அட, நீங்கதானா தம்பி. உங்க வீட்டம்மா வாராவாரம் இங்க வந்து, 'இந்தத் தடவை என்ன குத்தம் சொல்லலாம், யோசிச்சு ஒண்ணு சொல்லுங்கண்ணே'ன்னு நிப்பாங்க. நேத்து எவ்வளவு தேடியும் ஒண்ணும் கிடைக்கலை, அதான் மார்ஜின்னு சொல்லி அனுப்பினேன்."