பூட்டு பாய் செய்த புகைக்குழாய்

திண்டுக்கல்லில் வீட்டைப் பூட்டியவர்கள் உண்டு, கடையைப் பூட்டியவர்கள் உண்டு. புகையைப் பூட்டியவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ஒர்க்‌ஷாப் பூட்டு பாய்.

அவருடைய நிஜப்பெயர் எனக்குத் தெரியாது. முதலாளிக்கும் தெரியாது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் தினமும் ஒரு சின்னச் சாவி படம் வரைந்துவிட்டுப் போவார். பூட்டு செய்கிற குடும்பத்தில் பிறந்து, கேஸ் வெல்டிங் கற்றுக்கொண்டு, சைலன்சர் வேலைக்கு வந்தவர். ஆள்தான் வந்தாரே தவிர, கை வரவில்லை. சாப்பாட்டுத் தூக்குக்குப் பூட்டு. மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குப் பூட்டு. சைக்கிள் சீட்டுக்குத் தனியாக ஒரு பூட்டு.

அவருடைய டூல்ஸ் பெட்டியில் சாவித் துவாரமே கிடையாது. மூடியில் நான்கு ஆணி, அவ்வளவுதான். டீ நேரத்தில் ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் ஒரு கை பார்ப்பார்கள். இழுப்பார்கள், தட்டுவார்கள், குலுக்குவார்கள். பாய் டீயை உறிஞ்சியபடி, "இன்னும் நல்லா குலுக்குங்கப்பா, உள்ள மாம்பழம் இருக்கு, விழும்" என்பார்.

நான் குலுக்கவில்லை. பார்த்தேன். நான்கு ஆணியில் ஒன்று மட்டும் பளபளவென்றிருந்தது. தினமும் விரல் படுகிற ஆணி. யாருக்கும் சொல்லவில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். ஆட்டோமொபைல் டிப்ளமோ. அப்பாவுக்கு வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் வேலை. மில் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, "எம் மக காருக்கு வைத்தியம் பாக்குறா" என்று அடுத்த சீட்டுக்காரரிடம் தினமும் சொல்வார். உண்மையில் நான் வைத்தியம் பார்த்தது பிரிண்டருக்கு மட்டும்தான். கம்ப்யூட்டர் தெரியும் என்பதால் முதலாளி என்னைப் பில் போட உட்கார வைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் கன்னிவாடித் தோப்புக்காரர், அவர் அப்பா காலத்துக் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். அந்த மாடலைச் செய்தவர்களே மறந்துபோயிருப்பார்கள். இஞ்சினிலிருந்து புகையை வாங்கிச் சைலன்சருக்கு அனுப்புகிற வார்ப்பிரும்புக் கிளைக்குழாய் இரண்டாகப் பிளந்திருந்தது. மாற்றுச் சாமான் எங்கும் இல்லை. பேத்தி கல்யாணம் பத்து நாளில். தாத்தா காரில்தான் பொண்ணு மண்டபத்துக்கு வர வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள்.

முதலாளி உதட்டைப் பிதுக்கினார். நான் பில் மேஜையிலிருந்து எழுந்து வந்து, "அதுக்குப் பதிலாப் புதுசா ஹெட்டர் செஞ்சு மாட்டிரலாம் சார். நாலு தனிக் குழாய், சம நீளம். நான் படம் போடுறேன், பாய் செய்யட்டும்" என்றேன்.

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாக்குக் குடுத்தது நீ. வண்டி நல்லபடியாப் போனா மறுநாள்லருந்து நீ ஷெட்ல நில்லு. போகலைன்னா ஆயுசுக்கும் பில்லுதான், சரியா?"

சரி என்றேன். பயத்தில் அல்ல, அப்பா மில் பஸ்ஸில் சொன்னதை உண்மையாக்க வேறு வழி தெரியாமல்.

நான் கம்ப்யூட்டரில் போட்ட படத்தைப் பாய் வாங்கினார். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு அதன்மேல் பன்னை வைத்துச் சாப்பிட்டார்.

அவர் வழி வேறு. கட்டுக்கம்பியை வளைத்து வளைத்து, ஸ்டியரிங் தண்டுக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, அடியில் நுழைந்து ஒன்று என்று இஞ்சினுக்கு அருகே குழாய்க்கு ஒன்றாக நான்கு கம்பி மாதிரிகளைத் தொங்கவிட்டார். எந்தக் கம்பியை எப்போது வைத்தார் என்று நான் ஒவ்வொன்றுக்கும் போட்டோ எடுத்துக்கொண்டேன். "எதுக்கு புள்ள, கல்யாண ஆல்பமா?" என்றார்.

அடுத்தது குழாயை வளைப்பது. சும்மா வளைத்தால் குழாய் நசுங்கிவிடும். உள்ளே ஆற்று மணலை இறுக்கிக் கெட்டித்து, இரண்டு முனையையும் அடைத்து, நெருப்புக் காட்டிச் சிவக்க வைத்து வளைக்க வேண்டும். மணலில் சொட்டு ஈரம் இருந்தாலும் சூட்டில் வெடிக்கும். அதனால் பாய் ஒரு பழைய பிரியாணி தேக்சாவை அடுப்பில் ஏற்றி, மணலைப் பக்குவமாக வறுப்பார். ரோட்டில் போகிறவர்கள் தேக்சாவைப் பார்த்து உள்ளே வந்துவிடுவார்கள்.

"பாய், பார்சல் கிடைக்குமா?"

"கிடைக்கும். பல்லு நல்லா இருக்கா?"

நான்கு குழாயும் தயாரானதும் நான் எஃகு ஸ்கேலையும் நூலையும் எடுத்துப் போய் அளந்தேன். "பாய், மூணாவது அரை இஞ்ச் கம்மி."

ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பாய் வேலையில் அளவு பார்ப்பது, மாமியார் சாம்பாரில் உப்பு பார்ப்பது மாதிரி.

"என் கண்ணு அளவு புள்ள இது! இருவத்தஞ்சு வருசக் கண்ணு!"

"கண்ணு நல்ல கண்ணுதான் பாய். குழாய்தான் கம்மி."

நூலைப் பிடுங்கி அவரே அளந்தார். இரண்டு தடவை அளந்தார். மூன்றாவது தடவை நூலையே சந்தேகமாகப் பார்த்தார். பிறகு குழாயை வெட்டி, ஒரு துண்டு சேர்த்து ஒட்டி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்ட கம்பி மாதிரி 'உஸ்' என்று மூச்சு விட்டார். "நைட்டு குளிருல சுருங்கியிருக்கும்." திண்டுக்கல்லில், சித்திரை மாதத்தில்.

அன்றிலிருந்து என் பெயர் 'ஸ்கேலு'. "ஏ ஸ்கேலு, டீ வந்துச்சா?" "ஸ்கேலு, இந்த வெயில் எத்தனை இஞ்ச்?"

நான்கு குழாயும் வந்து சேரும் இடத்துக்கு எங்கள் தொழிலில் கலெக்டர் என்று பெயர். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடித்து வந்ததும், அதை மாட்டுவதற்குப் பாய் ஒரு வேலை செய்தார். காரைச் சுற்றித் தார்ப்பாய் கட்டினார்.

"என்னா பாய், பிரசவமா?" என்றார் முதலாளி.

"சூட்சுமத்தைப் பூட்டுறப்ப பக்கத்துல ஆளு நிக்கக் கூடாது. எங்க அத்தா காலத்துலருந்து அப்படித்தான்."

"இது புகைக்குழாய் பாய். இதை எவன் திருட வாரான்?"

"வந்துட்டான்னா?"

பாய் தார்ப்பாய்க்குள் நுழைந்துகொண்டார். செத்த நேரம் உள்ளே டொக் டொக் என்று சத்தம் வந்தது. பிறகு தார்ப்பாயை விலக்கினார். நான்கு குழாய்களும் ஒன்றன் தோளில் ஒன்று கை போட்டு நிற்பதுபோல இறங்கி வந்து சேர்ந்திருந்தன. ஸ்டார்ட் செய்தோம். கிழட்டுக் கார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பாட்டுக் கச்சேரிக்கு உட்கார்ந்தது.

பாய் பெட்டியைப் பூட்டிக்கொண்டு கீரனூரில் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டார். போன் வைத்துக்கொள்ள மாட்டார். மணியடித்தால் இஞ்சின் சத்தம் காதில் கெட்டுப்போகுமாம்.

சனிக்கிழமை, பொண்ணு அழைப்பு நாள் காலை. நானும் முதலாளியும் காரை ஓட்டிப் பார்த்தோம். இரண்டாவது கிலோமீட்டரில் 'ப்ஸ், ப்ஸ்' என்று ஒரு சத்தம். புகை கசியாமல் இரண்டாவது குழாய்க்கும் இஞ்சினுக்கும் நடுவே வைக்கிற கேஸ்கெட் நழுவியிருந்தது. இருட்டுத் தார்ப்பாய்க்குள் தனியாக மாட்டினால் நழுவாமல் என்ன செய்யும்? மண்டபம் போய்ச் சேர்வதற்குள் கேஸ்கெட் கருகி, பொண்ணு புகைக்குள் இறங்குவாள்.

புதுக் கேஸ்கெட் வைப்பது பத்து நிமிட வேலை. ஹெட்டரைக் கழற்றினால்.

முதலாளி கழற்ற ஆரம்பித்தார். இஞ்சின் பக்கத்து நட்டுகள் எல்லாம் வந்துவிட்டன. கலெக்டரின் ஆறு போல்ட்டில் ஐந்து வந்துவிட்டன. ஆறாவது சுற்றிக்கொண்டே இருந்ததே தவிர வெளியே வரவில்லை. ஹெட்டர் மலைக்கோட்டை மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தது.

தோப்புக்காரர் போன் செய்தார். "ஏம்மா, வண்டி கெளம்பிருச்சா? நாலு மணிக்கு அழைப்பு. மாலையெல்லாம் வந்துருச்சு, வண்டியத்தான் காணோம்."

"கெளம்பிரும்ங்க ஐயா."

முதலாளி சுத்தியலை எடுத்தார். "அறுத்துப் போட்டு ஒட்ட வேண்டியதுதான். அந்த ஆளு வரட்டும், அவரையும் சேத்து ஒட்டுறேன்!"

"சார், அஞ்சு நிமிசம்" என்று சுத்தியலைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு காருக்கு அடியில் படுத்தேன். டார்ச் அடித்தேன். கழற்றிய ஐந்து போல்ட்டின் தலையிலும் முந்தின நாள் பாய் முறுக்கிய ஸ்பேனர் கீறல் பழையதாக இருந்தது. ஆறாவதில் முதலாளி இப்போது போட்ட கீறல் மட்டும்தான். பாயின் ஸ்பேனர் அதன்மேல் படவே இல்லை.

முறுக்காத போல்ட்டு எப்படி நிற்கும்? அது போல்ட்டே இல்லை. டூல்ஸ் பெட்டியின் ஆணி ஞாபகம் வந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன்.

'டிக்.'

கலெக்டர் அரைவிரல் அளவு பின்னால் நகர்ந்தது. முதலாளி ஏதோ ஒரு சாமி பெயரைச் சொன்னார். எந்தச் சாமி என்று சரியாகக் கேட்கவில்லை. போனில் போட்டோக்களைப் பார்த்தேன். கம்பிகளில் பாய் கடைசியாக வைத்தது மூன்றாவது குழாயின் கம்பி. அப்படியானால் முதலில் இறங்க வேண்டியது மூன்றாவது குழாய். கால் சுற்றுத் திருப்பியதும், நான் வர வேண்டும் என்று காத்திருந்தது போல அது என் கைக்கு வந்தது. அடுத்து ஒன்று, நான்கு, கடைசியில் இரண்டு. புதுக் கேஸ்கெட் வைத்து, அதே வரிசையைத் தலைகீழாக்கித் திரும்ப மாட்டினோம்.

நான்கு மணி அழைப்புக்கு மூன்றரைக்கே வண்டி கன்னிவாடி போய்விட்டது. ஓட்டிப் போனது நான். மாலை கட்டிய காரைவிட்டு நான் இறங்கியபோது தோப்புக்காரர், "டிரைவர் எங்கம்மா?" என்று கேட்டார். "மெக்கானிக் வந்திருக்கேன்ங்க" என்றேன். அந்த வாக்கியத்தைச் சொல்வதற்காகவே படித்தேனோ என்னவோ.

திங்கட்கிழமை பாய் வந்தார். முதலாளி அவரை ஒட்டவில்லை. என்னை ஷெட்டில் பார்த்ததும் பாய்க்கு விஷயம் புரிந்துவிட்டது.

"எப்படித் தொறந்த?"

"ஒண்ணுல மட்டும் உங்க ஸ்பேனர் படல பாய்."

நெடுநேரம் தாடியைச் சொறிந்தார். "அடுத்த தடவை அதுலயும் கீறி வுட்டுர்றேன்" என்று சொல்லிவிட்டு மணல் வறுக்கப் போனார். ஒரு சபாஷ்கூட இல்லை.

எனக்கு அது தேவையாகவும் இல்லை. சனிக்கிழமை மூன்றாவது குழாயைத் திருப்பிப் பார்த்தபோது, இஞ்சினோடு ஒட்டி மறைந்துபோகிற உள்முகத்தில், பாயின் சாவி முத்திரையைப் பார்த்திருந்தேன். தான் செய்கிற எல்லாவற்றிலும் அவர் வெட்டுவதுதான் அது. அதன் பக்கத்தில், யாராலும் திறக்க முடியாது என்று அவர் நம்பிய அந்த இடத்தில், கோடு கோடாக அளவெல்லாம் போட்டு, சின்னதாக ஒரு ஸ்கேலையும் வெட்டியிருந்தார்.