சாட்சிக்கு வந்த பச்சோந்தி

முதலில் ஒரு விடுகதை. அதற்கு உடம்பை விட நாக்கு நீளம். ஆனால் ஒரு வார்த்தை பேசாது. அப்படியிருந்தும் எங்கள் ஃபெஸ் நகரத்தில் கணவனுக்கு எதிராக அதைத்தான் சாட்சிக்கு அழைப்பார்கள். அது என்ன?

பச்சோந்தி.

கணவன் மேல் சந்தேகம் வந்தால் மனைவி மூலிகைக் கடைக்குப் போய் ஒரு பச்சோந்தி வாங்குவாள். அதைக் கரி அடுப்பில் போடுவாள். படாரென்று வெடித்தால் கணவன் வேறெங்கோ போய் வருகிறான். சத்தமில்லாமல் உருகினால் அவன் உத்தமன். மேல்முறையீடு கிடையாது. இப்போது பலர் இதைச் செய்வதில்லை. ஆனால் எந்தக் கணவனும் இதை மறந்துவிடவில்லை.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை என் மனைவி ராக்கியா மூலிகைக் கடையிலிருந்து ஒரு மூங்கில் கூண்டோடு வந்தாள். உள்ளே ஒரு பச்சோந்தி. எட்டு வயது மகள் ஹிபா அதற்கு அப்போதே பிஸ்தா என்று பெயர் வைத்திருந்தாள்.

"இது எதுக்கு?" என்றேன்.

"எதுக்கு வாங்குவாங்க, ஹிபா அப்பா?"

எனக்கு வியர்த்தது. காரணம் உண்டு. நான் வேறெங்கோ போய்வருகிறவன்தான்.

தப்பாக நினைக்க வேண்டாம். எனக்கு ரத்தக்கொதிப்பு. உப்பும் எண்ணெயும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் வேகவைத்த சுரைக்காய்தான். நான் வேலை பார்க்கும் தண்ணீர் வாரிய அலுவலகம் நாலரைக்கு மூடும். ஐந்து மணிக்கு நான் தோல்காரர் வாசல் என்கிற பழைய கோட்டை வாசலருகே, கன்னாத்தா என்கிற விதவையின் கடையில் இருப்பேன். அவள் செய்யும் பிஸ்ஸாராவில் இரண்டு கிண்ணம். மொச்சையை மசிய வேகவைத்த கூழ், மேலே சீரகத்தூள், அதற்கு மேல் ஆலிவ் எண்ணெய் ஒரு குளம். வீட்டில் "ஆபீஸ்ல பழைய கோப்பெல்லாம் அடுக்கறோம்" என்பேன். நாலு மாதமாக அடுக்குகிறேன்.

கூழுக்காகப் போகிறவனா, கூழ் ஊற்றுகிறவளுக்காகப் போகிறவனா என்று நெருப்புக்கு எப்படித் தெரியும்?

கூண்டுக்குள் பார்த்தேன். பிஸ்தா கறுத்துச் சுருங்கிக் கிடந்தது. கண்கள் குழி விழுந்திருந்தன. எனக்கு ஒரு யோசனை பிறந்தது.

"ராக்கியா, இது சீக்கு. சீக்காளி சாட்சி செல்லாது."

"என்ன சாட்சி?"

"சும்மா சொன்னேன். இது முதல்ல தேறணும் இல்லையா?"

"தேறட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்," என்றாள்.

நான் மூலையிலிருந்த கரி அடுப்பைப் பார்த்தேன்.

மறுநாள் ஹிபாவும் நானும் பிஸ்தாவைக் கோவேறு கழுதைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"தண்ணியில்லாம காஞ்சு கிடக்கு."

"கிண்ணம் நிறைய வெச்சிருக்கோமே, டாக்டர்."

"கிண்ணத்துல இருக்கறது தண்ணின்னு அதுக்குத் தெரியாதுப்பா. இலை மேல சொட்டுச் சொட்டா விழணும். அதைத்தான் நக்கும். பகல்ல வெயில் காட்டு. உயிரோட பூச்சி குடு. குளிர் படவே கூடாது. தினமும் சாயங்காலம் அஞ்சுலேருந்து இருட்டற வரைக்கும் ஒருத்தர் கூட இருந்து தண்ணி தெளிக்கணும். விட்டா போயிடும்."

"அஞ்சு மணிக்கா?"

"ஏன், உனக்கு வேற வேலையா?"

ஹிபா என்னைப் பார்த்தாள். "கோப்பு அடுக்கணும்," என்றேன். எனக்கே கேட்காத குரல்.

வீட்டில் ராக்கியா, "நீங்க ஆபீஸ் வேலையைப் பாருங்க. சாயங்காலம் நான் இதைப் பார்த்துக்கறேன்," என்றாள்.

அவளையும் பச்சோந்தியையும் கரி அடுப்பையும் ஒரே வீட்டில் விட்டுவிட்டு நான் எப்படிக் கூழ் குடிப்பேன்? அன்று ஐந்து மணிக்குக் கூண்டருகில் இருந்தேன். புதன்கிழமையும் இருந்தேன். எலுமிச்சைக் கிளையில் தண்ணீர் தெளித்தேன். ஹிபா வெட்டுக்கிளி பிடித்து வந்தாள். பிஸ்தா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் சாப்பிட வந்தபோது வீட்டில் யாருமில்லை. ராக்கியா பொதுக் குளியலறைக்குப் போயிருந்தாள். ஹிபா பள்ளியில். என் கையில் மருந்துச் சொட்டுக்குழாய்.

அப்போது ஒரு நினைப்பு வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. இன்று ஒரு நாள் தண்ணீர் காட்டாவிட்டால் சாட்சியே இருக்காது. யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள்.

பிஸ்தாவின் ஒரு கண் மெதுவாகச் சுழன்று என்னைப் பார்த்தது. மறு கண் அடுப்பு இருந்த மூலையைப் பார்த்தது.

ஒரு சொட்டு விட்டேன். இலையில் உருண்டு நின்றது. பிஸ்தா அசையவில்லை. இன்னொரு சொட்டு. இருபது வரை எண்ணினேன். வாய் கொஞ்சம் திறந்தது. நக்கியது. நான் உட்கார்ந்துவிட்டேன். சுரைக்காய் ஆறிப்போயிருந்தது. அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன்.

அன்று மாலையே நாக்கு பாய்ந்தது. வெட்டுக்கிளி காணாமல் போனது. ஹிபா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிஸ்தாவின் தோளில் ஒரு பச்சைத் திட்டு தெரிந்தது. அது ஒரு விரல் அகலம் தேறினால் என் ஆயுள் ஒரு விரல் அகலம் குறைகிறது என்று எனக்கு மட்டும் தெரியும்.

வெள்ளிக்கிழமை மழை. மாலையில் வீடே குளிர்ந்து கிடந்தது. முற்றத்து ஓரத்தில் ராக்கியா அடுப்பில் கரி போட்டு விசிறிக்கொண்டிருந்தாள். கரி சிவந்தது.

"ஹிபா அப்பா, பிஸ்தாவை இங்க கொண்டாங்க."

கூண்டை மார்போடு அணைத்துக்கொண்டேன். "வேண்டாம் ராக்கியா."

"ஏன்?"

"வெடிச்சாலும் வெடிக்கும். ஆனா நீ நினைக்கிற மாதிரி இல்லை. வெறும் கூழ்தான்."

"என்ன கூழ்?"

"பிஸ்ஸாரா. கன்னாத்தா கடையில."

விசிறி நின்றது. "எத்தனை கிண்ணம்?"

"ரெண்டு."

"எண்ணெய்?"

"மேலாக்க."

"உப்பு?"

"அது கூழுக்குள்ளயே இருக்கும். நான் தனியா கேக்கறதில்லை."

"எவ்வளவு நாளா?"

"கோப்பு அடுக்கற நாளிலேருந்து."

ராக்கியா மறுபடி விசிறத் தொடங்கினாள். "நம்ம வீட்டுல நாலு மாசமா சீரகம் வாங்கலை. உங்க மீசையில மட்டும் தினம் இருக்கு. எங்கேருந்து வருதுன்னுதான் தெரியலை. இப்பத் தெரிஞ்சுது."

"அப்ப அதை நெருப்புல போடமாட்டியா?"

"எதை?"

"பிஸ்தாவை."

"குளிர்ல கறுத்துப்போயிருக்கு. பக்கத்துல வெச்சா சூடா இருக்குமேன்னு கூப்பிட்டேன். அதைப் போய் யாராவது நெருப்புல போடுவாங்களா?"

"எதுக்கு வாங்குவாங்கன்னு நீதானே சொன்னே?"

"சொல்லலை. கேட்டேன். நீங்க பதில் சொல்லாம வியர்த்தீங்க. ஹிபா கடை வாசல்ல நின்னு அழுதா. அதான் வாங்கினேன்."

கூண்டை அடுப்பிலிருந்து இரண்டு முழம் தள்ளி வைத்தாள். பிஸ்தா ஒவ்வொரு திட்டாகப் பச்சையானது.

"கோபமா?" என்றேன்.

"எனக்கென்ன கோபம். போகணும்னா நாளைக்கும் போங்க. தடுக்கமாட்டேன். சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தண்ணி தெளிக்க ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான். பிஸ்தா ஹிபாவோடது. யாருன்னு அவளே சொல்லட்டும்."

கூண்டருகே குந்தியிருந்த ஹிபா தலையைத் தூக்கினாள். நான் கண்ணாலேயே அம்மாவைக் காட்டினேன். நல்ல பிள்ளை, புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

ஹிபா என்னைத் தேர்ந்தெடுத்தாள்.