ஒரு பிடி காலடி மண்

"தலைமயிரையும் குடுத்து, காலடி மண்ணையும் அள்ளிக் குடுத்திட்டு வந்தனீங்களோ?"

பத்மாவதி சோற்றுக் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டாள். ஏரம்பு சாப்பிடுவதா, கையைக் கழுவுவதா என்று தெரியாமல் இருந்தான்.

"ரீச்சர் கேட்டவ. சிலைக்காம்."

"சிலைக்கு ஏன் உங்கடை மயிர்?"

மயிலிட்டிக்குச் சித்திரம் படிப்பிக்க வந்த கனகாம்பிகை ரீச்சர், வாடகை வீட்டு முற்றத்தில் ஆளுயரத்துக்கும் மேலாக ஒரு சிலை செய்துகொண்டிருந்தார். கடலில் வலை இழுக்கிறவன் எப்படி நிற்பான் என்று காட்டச் சொன்னார். ஏரம்பு நின்று காட்டினான். சூனியக்காரர் செய்கிற பாவையை வைத்துப் புதுவிதமாய் ஒரு சிற்பம் செய்கிறேன், பாவைக்குள் வைப்பதையெல்லாம் இதற்குள்ளும் வைக்கவேண்டும் என்றார். தன்னைப் பார்த்துச் சிலை செய்கிறார்கள் என்ற பெருமையிலும் புளுகத்திலும் ஏரம்பு குனிந்து தலையைக் காட்டிவிட்டான்.

"சூனியம் செய்யிறவன் ஒளிச்செல்லோ மயிர் எடுப்பான்! நீங்களே கொண்டுபோய்க் கையிலை குடுத்திருக்கிறியள்!"

அன்று முழுவதும் பத்மாவதி அழுதாள், ஏசினாள், முருகனைக் கூப்பிட்டாள். ஆனால் அடுத்த நாள் விடிய ஏரம்பு எழும்பியபோது, அவள் குளித்துத் திருநீறு பூசி, அமைதியாகத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு ஒண்டும் வராது. கடலுக்குப் போங்கோ."

அழுகையைவிட அந்த அமைதிதான் அவனைக் கலக்கியது. கடலுக்குப் போகாமல் நேரே ரீச்சர் வீட்டுக்குப் போனான்.

முற்றத்தில் ரீச்சர் நிற்க, அவரோடு கூட வேலை செய்கிற அருமைநாயகி சீமெந்து குழைத்துக்கொண்டிருந்தாள்.

"ரீச்சர், என்ரை மயிரையும் மண்ணையும் திருப்பித் தாங்கோ."

ரீச்சரும் அருமைநாயகியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"மயிரும் மண்ணும் சீமெந்திலை கலந்தாச்சு, ஏரம்பு அண்ணை. இனி எடுக்கேலாது," என்றார் ரீச்சர்.

ஏரம்பு நிமிர்ந்து சிலையைப் பார்த்தான்.

பனங்குத்தியில் உடம்பு. அதன்மேல் சீமெந்து தசைதசையாய் ஏறியிருந்தது. இடுப்பில் கிழிந்த வலை, கழுத்தில் எழுத்துக் கீறிய செப்புத் தகடு, உடம்பெல்லாம் நீள ஆணிகள். முகம் இல்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குழி. கடற்காற்று அதற்குள் புகுந்து மெல்ல முனகியது. கண்ணில்லாத அது அவனைப் பார்த்தது. சன்னிதியில் திரை விலகும்போது வருகிற நடுக்கம் அவனுக்கு வந்தது. கை தானாய்க் கூப்பிக்கொண்டது.

அப்போதுதான் வலது தோளில் இறங்கியிருந்த ஆணியைக் கண்டான். நேற்றிலிருந்து அவனுக்கும் வலது தோள் நோகத்தான் செய்தது.

"ரீச்சர், அந்த ஆணியைக் கழட்டிவிடுங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்."

ரீச்சர் தலையைச் சரித்துப் பார்த்தார். "ஓம், அது அதிலை வடிவில்லைத்தான்." ஆணியைப் பிடுங்கி, இடது முழங்காலில் வைத்து அடித்தார்.

ஏரம்பு நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"வெயிலுக்கை நிண்டிருப்பியள்," என்று சொல்லிவிட்டுப் பத்மாவதி சம்பல் இடிக்கப் போனாள்.

'நான் சாகப்போறன். இவளுக்குச் சம்பல் பெரிசாய்ப் போச்சு' என்று மனம் வெந்தபடி, தொண்டைமானாற்றில் நூல் மந்திரித்துக் கட்டுகிற ஆழ்வாப்பிள்ளையிடம் போனான்.

"தம்பி, ஆணியிலை கை வையாதை," என்றார் அவர். "பாவைக்கு உடம்பு கொதிக்குது. குளிர்த்தி செய். பாலும் இளநீரும் வார்."

ரீச்சர் பள்ளிக்கூடம் போன நேரமெல்லாம் ஏரம்பு பாலும் இளநீரும் வார்த்தான். என்ன அதிசயம்! முழங்கால் நேராயிற்று. கடலுக்குப் போனான்; வலை கொள்ளாமல் பாரை மீன் பட்டது. நன்றிக்கடனுக்கு இன்னும் நிறைய வார்த்தான்.

ஒருநாள் காலை போய்ப் பார்த்தால், சிலையின் நெஞ்சிலிருந்து சிவப்பாய் ஒழுகியிருந்தது. ஈரத்தில் துருப்பிடித்த ஆணி என்று அருமைநாயகி சொன்னது அவன் காதில் ஏறவில்லை. நெஞ்சைப் பொத்திக்கொண்டு மண்ணில் இருந்துவிட்டான்.

அந்த நேரம் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டு வந்த ரீச்சர், அந்தச் சிவப்புக் கோட்டைக் கண்டதும் அசையாமல் நின்றார். கண் கலங்கிவிட்டது.

"இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தனான், அண்ணை. நிப்பாட்டாமல் ஊத்துங்கோ."

ஏரம்பு மூச்சிரைக்க ஆழ்வாப்பிள்ளையிடம் ஓடினான்.

"இரத்தம் கக்கிப்போட்டுதோ? அப்ப இனி நூல் கட்டிப் பிரயோசனமில்லை. உடைக்கவேணும். உடைச்சால் ஒண்டில் கட்டு அவிழும். இல்லையெண்டால் மயிருக்குரிய ஆளும் அதோடை போகும்."

"ரெண்டிலை எது நடக்குமெண்டு எப்பிடித் தெரியும்?"

"உடைச்சாப்பிறகு தெரியும்."

அன்று மத்தியானம் ஏரம்புவுக்குச் சோறு இறங்கவில்லை. பத்மாவதி பொரித்த மீனை அவன் பக்கம் தள்ளிவைத்தாள்.

"நான் இல்லாட்டி நீ என்ன செய்வாய்?"

"நீங்கள் இல்லாமல் எங்கை போகப்போறியள்? முள்ளைப் பாத்துச் சாப்பிடுங்கோ."

கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தான். நாளுக்கு நாள் பயந்து சாகிறதைவிட ஒரேயடியாய்ப் போகலாம் என்று முடிவு செய்தான். கிடங்கு கிண்டுகிற இரும்பு அலவாங்கைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான்.

முற்றத்தில் ஒருவரும் இல்லை. வெயிலில் சிலை தனியே நின்றது. குழிக்குள் காற்று முனகியது. இவ்வளவு வடிவான ஒன்றை இந்தக் கடற்கரை கண்டதில்லை என்று அவனுக்குத் தோன்றியது. சாகப்போகிற நேரத்திலும் அதை உடைக்க மனம் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, விழுந்து கும்பிட்டான். எழும்பி, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் அலவாங்கை ஓங்கினான்.

ஓங்கிய அலவாங்கு கீழே வரவில்லை. கிணற்றடியிலிருந்து ஓடிவந்த அருமைநாயகி, அதன் மற்ற நுனியில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"விடு பிள்ளை! என்ரை உயிர், என்ரை விருப்பம்!"

"ஐயோ அண்ணை, உடைச்சுப்போடாதேங்கோ! நீங்கள் திருப்பிக் கேட்டு வந்த அண்டைக்கு, உங்களுக்கு முதலே விடிய வந்து பத்மாவதி அக்கா கேட்டவ. ஒராளின்ரை மயிரும் மண்ணும் இல்லாமல் சிலை சரிவராதெண்டு ரீச்சர் சொல்ல, உங்கடையை வாங்கிக் கடலிலை எறிஞ்சுபோட்டு, தன்ரையைத் தந்திட்டுப் போனவ. உதுக்குள்ளை நிக்கிறது அக்கா!"