கரையான் சார் கொடுத்த தீர்ப்பு

சேலையூரிலிருந்து சிறுசேரி வரைக்கும் எந்த வீட்டுச் சுவரிலும் ஒரு பொய் நிம்மதியாகத் தொங்க முடியாது என்ற நிலைமையை உண்டாக்கியவர் எங்கள் தெரு கரையான் சார். மரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். ஆதிவாசிகளின் மர ஆயுதங்கள் என்றால் பைத்தியம். ஈட்டியோ கேடயமோ, அசலா, எத்தனை வயசு என்று சொல்லாமல் இடத்தை விட்டு நகர மாட்டார்.

நாவலூரில் என் மேனேஜர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குத் தெரியாத்தனமாக இவரையும் கூட்டிப் போனேன். ஹால் சுவரில் செதுக்கு வேலை செய்த சண்டைத் தடி ஒன்று. "இருநூறு வருஷம் பழசு சார்" என்றார் மேனேஜர் பெருமையாக. கரையான் சார் புது சோபாமேல் ஏறி நின்று தடியை முகர்ந்தார். நாக்கால் ஒரு தொடு தொட்டார்.

"ஷூ பாலிஷ். புழு ஓட்டையெல்லாம் ஒரே அளவு, ஒரே நேர்க்கோடு. எந்தப் புழு சார் ஸ்கேல் வச்சு ஓட்டை போடும்?"

நாங்கள் சாப்பிடாமலேயே திரும்பினோம்.

அப்பேர்ப்பட்டவரிடம் ஸ்டெல்லா அக்கா போய் நின்றபோது நானும் பின்னாலேயே ஓடினேன். தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவர். அவர் அப்பா கப்பலில் சமையல்காரர். ஏதோ தீவில் ஒரு தலைவன் பரிசாகக் கொடுத்தது என்று ஒரு சண்டைத் தடியைச் சாகும்வரை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க அண்ணனுங்க அவரைப் புளுகன்னு சொல்லிகினு கீறானுங்க சார். உண்மை இன்னான்னு எனக்குத் தெரிஞ்சாவணும்."

நான் இருமினேன். சாரின் காலை மிதித்தேன். அக்கா தடியை வைத்துவிட்டுப் போனதும், "அசல்னு சொல்லிடுங்க சார்" என்று கெஞ்சியும் பார்த்தேன்.

"மரத்தைக் கேக்காம நான் எப்படிய்யா சொல்றது?"

மூன்று நாள் தடியும் லென்ஸுமாக அறைக்குள் கிடந்தார். நாலாம் நாள் காலை எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"அசல் இல்லம்மா. சண்டைத் தடின்னா பிடிக்கிற இடம் கைபட்டுத் தேஞ்சிருக்கும். இதுல தேய்மானமே இல்லை. பழசாத் தெரியறதுக்கு டீ டிகாஷன் தடவியிருக்கு. மரமும் நம்ம ஊர் பூவரசு."

அக்கா தலை குனிந்துவிட்டார். கரையான் சார் விடவில்லை.

"இரும்மா, முடிக்கலை. செதுக்கினவர் துளிகூட அவசரப்படலை. ஒரு வருஷமாவது உட்கார்ந்திருக்கார். கத்தி விழுந்த சாய்வைப் பாரு. இடதுகைக்காரர்."

அக்கா நிமிர்ந்தார். "எங்கப்பா லெஃப்ட் ஹேண்டு சார்."

"அப்போ கதைதான்மா புளுகு. கை நல்ல கை. அண்ணன்களை இங்க அனுப்பு, நான் சொல்றேன்."

அக்கா தடியை மடியில் போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்தார். அழுகிற ஆளை என்ன செய்வதென்று சாருக்குத் தெரியவில்லை. உள்ளே ஓடிப்போய்ப் பதற்றத்தோடு காபி போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரைக்குப் பதில் உப்பு.

"நல்லா இருக்கா?"

"சூப்பரா கீது சார்" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. நானும் தலையாட்டிவிட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.