மீன் தொட்டியின் அளவு குறித்து மச்சானுக்கு

நெல்லித்தோப்பு,
புதுச்சேரி.

அன்பு மச்சான் ஹரிகிருஷ்ணனுக்கு, உன் மாமா இராமதாஸ் நிறைந்த மனதோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா சந்திரகலாவும் நல்லபடியாக இருக்கிறோம். தவளக்குப்பத்தில் நீயும் தங்கை செந்தமிழ்ச்செல்வியும் பிள்ளைகளும் அவ்வண்ணமே இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் உன் அக்கா பக்கத்தில் நின்று திருத்தம் சொல்கிறாள். கடிதத்தில் அவளுக்கு அந்த வசதி இல்லை.

அன்றைக்கு அவள் உன்னிடம் அழுதுகொண்டே பேசியது எனக்குத் தெரியும். "ஒன் மாமா மீனக் கொல்லப் பாக்குறாருடா, நான் அங்க வந்துடறேன்" என்று சொன்னாள். நீயும் ஒரு வார்த்தை விசாரிக்காமல், "வாக்கா, வண்டி எடுத்துட்டு வரேன்" என்றாய். ஆகவே நடந்தது என்ன என்பதை, சம்பந்தப்பட்டவன் என்ற முறையில், ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன்.

எங்கள் மகள் பாரதி பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது, அவள் வளர்த்த சிக்லிட் மீன் இரண்டையும் எங்களிடம் விட்டுப்போனாள். கருப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டிருக்கும். ஜெயில் சட்டைபோல் இருப்பதால் கைதி மீன் என்றும் சொல்வார்களாம். "இதுங்க ரெண்டும் ஜோடிம்மா, பத்திரம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். அவள் போன பிறகு வீட்டில் பேச்சுக்குரல் குறைந்துபோனது. உன் அக்கா காலையில் காபியை எடுத்துக்கொண்டு நேராக மீனிடம்தான் போவாள். சமையல், ரேஷன் கடை, என் குறட்டை, எல்லாவற்றையும் அதுகளிடம் சொல்வாள். இப்படியே மீன்கள் வளர்ந்தன. வளர வளர ஆண்மீன் பெண்மீனைத் துரத்தத் தொடங்கியது. பாரதி வாங்கிய இரண்டடித் தொட்டி இனிப் போதாது என்பதில் எனக்கும் உன் அக்காவுக்கும் கருத்து வேறுபாடே இல்லை. என்ன அளவில் வாங்குவது என்பதில்தான் எல்லாம் வந்தது.

நான் மில்லில் ஃபிட்டராக இருந்தவன். தறியை மட்டம் பார்த்து நிறுத்தியவன். அளவைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஹாலில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு மூலைதான் காலி. அகலத்துக்கு இடமில்லாத வீட்டில் என்ன செய்வோம்? மாடி கட்டுவோம். மீனுக்கும் அதேதான். ஒன்றேகால் அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், மூன்றடி உயரம் என்று முடிவு செய்தேன். உன் அக்கா, "ஏங்க, அதுங்க மேல போயி நான் பாத்ததே இல்ல. தரையிலதான் மண்ண நோண்டிக்கினு கெடக்குதுங்க. நீட்டமா வாங்குங்க" என்றாள். மீன் கடை வெற்றிவேல், "அக்கா சொல்றதும் சரிதாண்ணா, நீங்க சொல்ற அளவுலயும் செஞ்சி தரலாம்" என்று இரண்டு பக்கமும் தலையாட்டினான். நான் சொன்ன அளவிலேயே செய்து தந்தான். பார்க்க அலமாரிபோல் கம்பீரமாக இருந்தது.

மீன்கள் மாடிக்கே போகவில்லை. மேலே இரண்டடித் தண்ணீர் ஆளில்லாமல் கிடக்க, கீழே அந்த ஒன்றேகால் அடிக்குள் சண்டை. பழைய தொட்டியிலாவது பெண்மீனுக்கு ஓட இடம் இருந்தது. சரி, நடுவில் ஒரு கல்லை வைத்து மறைப்போம் என்று ஸ்டூலில் ஏறிக் கையை விட்டேன். தோள்பட்டை வரைக்கும் நனைந்தும் தரை எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்ததில் மூக்குக் கண்ணாடி உள்ளே விழுந்துவிட்டது. ஆண்மீன் உடனே வந்து அதன்மேல் நின்றுகொண்டது. அந்த நிமிடத்திலிருந்து அது அவனுடைய வீடு. பெண்மீன் அந்தப் பக்கம் திரும்பினால் பாய்ந்து கடித்தான். குச்சியில் கரண்டியைக் கட்டி நான் கண்ணாடியை எடுக்கப் போக, கண்ணாடி இல்லாததால் எது கண்ணாடி எது மீன் என்று எனக்கே தெரியவில்லை. தூரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு நான் மீனைக் கரண்டியால் அடிப்பதுபோல் தோன்றியிருக்கலாம். உன் அக்கா உனக்கு போன் செய்தது அப்போதுதான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன் மச்சான். பெண்மீன், வாலும் துடுப்பும் கிழிந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தது. உன் அக்கா அதை வலையில் எடுத்து இட்லி குண்டானில் விட்டாள். பையில் புடவைகளை எடுத்து வைத்தாள். கிளம்பும்போது குண்டானைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "பாரதி கேட்டா என்னன்னு சொல்லுவேன்?" என்றாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் திட்டவில்லை. நான் அன்று முழுவதும் குண்டானுக்குத் தண்ணீர் மாற்றினேன். மீன் பிழைத்தது. இப்போதைக்கு வர வேண்டாம் என்று உனக்குப் போனில் சொல்லிவிட்டு, அவளும் பையைப் பிரித்துவிட்டாள்.

அதன் பிறகுதான் நான்கடித் தொட்டி. நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். இதுவும் நானே எடுத்த முடிவு. உன் அக்கா முன்பே சொன்னாள் என்பது வேறு விஷயம். நான்கடிக்கு இருந்த ஒரே சுவரில் என் ஷோகேஸ் நின்றது. மில்லில் கேரம் ஆடி ஜெயித்த கோப்பைகள் எல்லாம் அதில்தான். ஒவ்வொன்றாகத் துடைத்து அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினேன்.  பெட்டியைக் கீழிருந்து தூக்கிக் கொடுத்தது உன் அக்காதான்.

தொட்டி வந்த அன்று பக்கத்து வீட்டு அன்பழகன் உதவிக்கு வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு கையும் வைக்காமல் "அலே! அலே!" (போ, போ) என்று பிரெஞ்சில் கட்டளை போட்டார். வாசலில் நுழைந்த தொட்டி நடையில் திரும்பவில்லை. சுவரை அளந்தேன், தொட்டியை அளந்தேன். அளவில் பிழை இல்லை மச்சான், வீட்டைக் கட்டியவன் செய்த பிழை அது. கடைசியில் ஜன்னல் கிரில்லைக் கழற்றி, தெருவே வேடிக்கை பார்க்க, தொட்டியை உள்ளே இறக்கினோம். தண்ணீர் ஊற்றினால் ஒரு பக்கம் உயர்ந்து நின்றது. தண்ணீர் ஓடட்டும் என்று ஹால் தரைக்கு நான்தான் அந்தக் காலத்தில் வாட்டம் வைக்கச் சொன்னேன். கால் டன் எடை சாய்ந்து நின்றால் கண்ணாடி தாங்காது. தண்ணீரை இறைத்துவிட்டு, ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் மரச்சில்லை வைத்துத் தட்டினேன். தறிக்குத் தட்டிய அதே தட்டு. மறுபடி நிரப்பியபோது தண்ணீர் கோடு கிழித்ததுபோல் நின்றது. "பரவால்லியே" என்றாள் உன் அக்கா. நீ அறிவாய், அவள் வாயில் அது பெரிய பட்டம்.

இரண்டு மண்சட்டிகளைக் கவிழ்த்து வைத்து, மீன்களை விட்டோம். நானும் அவளும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். ஆண்மீன் நேராகப் பெண்ணிடம் போனான். உன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் அருகில் போய் உடம்பைக் குலுக்கிவிட்டு ஒதுங்கினான். அவள் தன் சட்டிக்குள் போனாள், அவன் தன் சட்டிக்குள் போனான். கொஞ்ச நாளில் இருவரும் ஒரே சட்டிக்குக் குடிபோய், முட்டையிட்டு, இப்போது முறை வைத்துக் காவல் காக்கிறார்கள். நான் விரலை விட்டால் இருவரும் சேர்ந்து கடிக்கிறார்கள். வீடியோ காலில் பாரதி பார்த்து, "அப்பா, சூப்பர்ப்பா!" என்றாள்.

ஆகவே உன் அக்கா அங்கே வரமாட்டாள், வண்டி வேண்டாம். ஒரு ஜோடி சிக்லிட்டுக்கு நான்கடிதான் முடிந்த முடிவு. இனி இந்த வீட்டில் அளவு என்ற பேச்சுக்கே இடமில்லை. நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், வீடு நிறைந்து, மனம் நிறைந்து இருக்க வேண்டுமென்று வாழ்த்தும்,

உன் மாமா,
இராமதாஸ்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உன் அக்கா கூப்பிட்டாள். முட்டை எல்லாம் பொரிந்து குஞ்சுகள் புகைபோல் நீந்துகின்றன. எண்ண முடியவில்லை. அப்பன்காரன் தாயை மறுபடி துரத்துகிறான். குஞ்சுகளுக்கு ஒரு தொட்டி, அவனுக்கு ஒரு தொட்டி வேண்டும் என்று போனில் சொல்கிறான் வெற்றிவேல். இங்கே இனிச் சுவர் கிடையாது. உன் ஹாலில் டிவி மாட்டியிருக்கும் சுவர் எத்தனை அடி இருக்கும்? நீ சிரமப்பட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நானே வந்து அளந்துகொள்கிறேன். டிவியை மட்டும் கழற்றி வை.