பார்வோனைத் திருப்பித் திருப்பிக் கொடுத்த விவகாரம்

எருசலேம்,
ஆதார் மாதம், வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை கெதாலியா அவர்களுக்கு, உங்கள் மனைவியின் அண்ணன் அஸ்ரியேல் எழுதிக்கொண்டது. மேலே இருப்பவர் புண்ணியத்தில் நான் இங்கே சுகம். அங்கே நீங்கள், தங்கை பெனினா, குழந்தைகள், உங்கள் இடுப்பு வலி எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிவிக்கவும்.

முதலில் நன்றி. நீங்கள் வாங்கி அனுப்பிய காது மெஷினுக்கு நன்றி. என் வீட்டுக்காரி ரைஸா போய்ச் சேர்ந்த பிறகு நான் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன் என்று திட்டித் திட்டி என்னை ஜெபக்கூடத்து வேதபாடத்துக்குத் துரத்தினீர்களே, அதற்கும் நன்றி. இப்போது ஹைஃபாவில் உங்கள் மாடியறைக்கு எனக்காக வெள்ளையே அடித்துவிட்டீர்களாம். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பஸ்கா பண்டிகைக்கு முன்னால் மூட்டை முடிச்சோடு வந்துவிடுகிறேன், முடிவு செய்தாயிற்று. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

எல்லாம் அந்த ஆமையால் வந்த வினை. பக்கத்து வீட்டு ஸிம்ஹா அம்மாவை உங்களுக்கு நினைவிருக்கும், பாக்தாத் வழி வந்தவர், அவரும் என்னைப் போலத் தனிதான். அவர் வளர்க்கும் ஆமை யார் சொன்னாலும் கேட்காது, அதனால் அதற்குப் பார்வோன் என்று பெயர். குளிர் முடிந்து கண் விழித்ததிலிருந்து அது ஓடிப்போய்க்கொண்டே இருக்கிறது. ஆமை எப்படி ஓடும் என்று கேட்காதீர்கள், ஆயுசு பூரா பஸ் ஓட்டியவன் நான், வேகம் என்றால் என்னவென்று எனக்கும் தெரியும். ஒரு நாள் என் புதினாத் தொட்டிக்கு அடியில் கிடந்தது, ஒரு நாள் காய்கறிக்கடை வாசலில், இன்னொரு நாள் பஸ் நிறுத்தத்தில் வண்டி வரவில்லையே என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் நான்தான் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அந்த அம்மாவும் ஒவ்வொரு தடவையும் டீ போட்டு, பேரீச்சம்பழம் வைத்த பிஸ்கட் தருவார். சும்மா சொல்லக் கூடாது, வாயில் போட்டால் கரையும். ஆனால் போகப் போக எனக்குக் கூச்சமாகிவிட்டது, தெருவில் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? எத்தனை தரம்தான் கொண்டுபோய்க் கொடுப்பது என்று, வேதபாடம் நடத்தும் ரபீயிடமே கேட்டுவிட்டேன்.

"தொலைஞ்சுபோன மாட்டைப் பார்த்தா உன் சகோதரனுக்குத் 'திருப்பித் திருப்பிக் கொடு'ன்னு இருக்கு. ஒரு தரம் சொன்னா நமக்குப் புரியாதா? தோராவுல ஒரு சொல் வீணா இரட்டிக்காது. நூறு தரம் தொலைஞ்சா நூறு தரமும் கொண்டுபோய்க் குடு, அதான் அர்த்தம்" என்றார். அப்பாடா என்று இருந்தது. வேதமே சொல்லிவிட்டது, இனி தாராளமாக பிஸ்கட் சாப்பிடலாம்.

அதோடு விட்டாரா? அடுத்த வாரம், ஆபிரகாம் மகன் மேல் கத்தியை ஓங்கினபோது தேவதூதன் "ஆபிரகாமே, ஆபிரகாமே" என்று கூப்பிட்ட இடம் வந்தது. பேரை இரண்டு தரம் சொல்வது பிரியத்தின் பாஷை என்றார். என் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும் ஸெராஹ் இருக்கிறானே, அவனுக்கு எதுவும் பிடிக்காது. "பிரியமாவது மண்ணாவது. கத்தி கழுத்துக்கு வந்தாச்சு, அவசரத்துல யாரா இருந்தாலும் ரெண்டு தரம்தான் கத்துவான். மனுஷன் பேசற மாதிரிதான்யா தோராவும் பேசுது" என்றான். இப்படி ஒரு கட்சியும் அந்தக் காலத்திலிருந்தே உண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை பார்வோனைக் கொடுத்துவிட்டு வாசல் வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து, "அஸ்ரியேல், அஸ்ரியேல்."

திரும்பினேன். "பிஸ்கட் டப்பாவை மறந்துட்டுப் போறீங்க" என்றார். அவ்வளவுதான். ஆனால் மாப்பிள்ளை, இரண்டு தரம். அன்றைக்கு உப்புக்குப் பதில் சர்க்கரையைப் போட்டு முட்டையைத் தின்றேன். மனது கேட்காமல் ஸெராஹிடம் போய்ச் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "அட பைத்தியக்காரா, உனக்குக் காது கேக்காதுன்னு தெருவுக்கே தெரியும். எல்லாரும்தான் உன்னை ரெண்டு தரம் கூப்பிடறோம். நானும்தான் கூப்பிடறேன், எனக்கென்ன உன் மேல பிரியம் பொங்கி வழியுதா?" என்றான். நியாயமாகத்தான் பட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த வயதில் ஆமையும் கையுமாக அலைந்து, கூப்பிட்டதற்கெல்லாம் அர்த்தம் தேடுகிறேனே. அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவேயில்லை. அதனால்தான் ஹைஃபா.

உங்கள் வீட்டில் அடுப்பும் சிரிப்பும் அணையாமல் இருக்கட்டும். பெனினாவுக்கு என் ஆசீர்வாதம். மாடியறையில் ஒரு கட்டிலும் சட்டை மாட்ட ஒரு கொக்கியும் போதும்.

இப்படிக்கு,
நன்றி மறவாத அஸ்ரியேல்

பி.கு.: உறையை ஒட்டப் போனவன் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஸிம்ஹா அம்மா பார்வோனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து, என் புதினாத் தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டு நழுவப் பார்க்கிறார். வெளியே போய் "என்னம்மா இது?" என்றேன். கொஞ்சமும் அசரவில்லை. "ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் உங்களைக் காணோம். இதுக்கு இன்னைக்கு நடக்கச் சோம்பல்" என்றார். "வேணும்னே தொலைச்ச பொருளைத் திருப்பிக் குடுக்கணும்னு சட்டமே கிடையாது" என்றேன். "அப்ப குடுக்காதீங்க. உங்ககிட்டயே இருக்கட்டும், நான் வந்து பார்த்துக்கறேன்" என்றார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "அன்னைக்கு என் பேரை ரெண்டு தரம் சொன்னது எனக்குக் காது கேக்காதுன்னா?" என்று கேட்டுவிட்டேன். அவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "முதல் தரம் கூப்பிட்டதுமே நீங்க திரும்பிட்டீங்களே."

காது மெஷினுக்கு மறுபடியும் நன்றி. மாடியறையை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடுங்கள். பஸ்காவுக்கு நீங்கள் எல்லாரும் இங்கே வர வேண்டும், எனக்காக அந்த அம்மாவிடம் பேசப் பெரிய மனிதர் ஒருவர் தேவை. வாருங்கள், வாருங்கள். கை தவறி இரண்டு தரம் எழுதவில்லை.