மங்கை மாமி சருகு வென்ற காதை

வாழி, வாழி! தென்னந்துடைப்பம் தாங்கிய திண்தோளாள், தண்துளசி வளர்த்த தாயனையாள், மூட்டுவலிக்கு முதுகு காட்டாத மொய்ம்பினாள், சின்ன காஞ்சிபுரத்து மங்கை மாமி வாழி! உதிர்ந்த இலைக்காக அவள் பொருத பெரும்போரின் கதை இது. கண்ணுகளா, காலை நீட்டி வசதியாக உட்கார்ந்து கேளுங்கள். நடுவில் எழுந்து போனால் போர்க்களம் குழம்பிவிடும்.

மாமியின் வீட்டுப் பக்கவாட்டில், இடுப்பளவு மதிலுக்குள், ஒரு துளசிப் பாத்தி. ஒரு கட்டிலைப் போட்டால் மூடிவிடுகிற இடம்தான். ஆனால் அவளுக்கு அதுவே நாடு, அதுவே கோட்டை. வைகாசிக் கருடசேவையன்று பெருமாள் தன் வாசலில் நிற்கும் அந்த ஒரு கணத்துக்கு, தன் கையால் வளர்த்த துளசியில் ஒரு மாலை கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. போன வருஷம் வெயிலில் பாத்தி பொசுங்கிப்போய், பூக்கடை மாலையை நீட்டிவிட்டு, பெருமாளை நிமிர்ந்து பார்க்க மாட்டாமல் உள்ளே போய்விட்டாள், பாவம்.

இந்த வருஷமும் வந்தான் பகைவன்! ஆயிரங்கதிர்க் கரத்தான், குளமுண்ட வாயான், குடைக்கஞ்சாக் கொடியோன் கதிரவன், மாசி முடியுமுன்னே மண்ணை வெடிக்கவைத்து, போர்வெல்லின் தொண்டையை வறளவைத்து, துளசித் தளிர்களைத் தலைகவிழச் செய்தான். அதுகண்டு கொதித்த மங்கை, செல்போன் என்னும் கண்ணாடியில் தேடித் தேடி, 'மூடாக்கு' என்னும் தெய்வப் படைக்கலத்தைக் கண்டடைந்தாள். சருகைப் பொடித்து வேரைச் சுற்றிப் பரப்பினால் மண்ணின் ஈரம் போகாதாம். சருகுக்கா பஞ்சம்? எதிர்ச்சாரியில் நின்ற நாட்டு வாதாம் மரம், அரக்கும் செம்மையுமாய்ப் பட்டு விரித்தாற்போல் தெருவெல்லாம் இலையை உதிர்த்துக்கொண்டிருந்தது.

ஆனால் அந்த மரத்தடிக்கு ஒரு காவலாட்டி உண்டே! எதிர்வீட்டுப் பட்டம்மாள், தறிவீட்டுத் தலைவி, ராட்டினம் சுற்றுகிற கையாலேயே தெருவையும் சுருட்டிவிடுகிறவள், கொசுவுக்குப் புகை போடவென்று சருகைக் காலைதோறும் கூட்டிக் கொளுத்தும் அக்கினி விரதத்தாள். அவளுக்கு முன்னே எழ வேண்டுமென்று மங்கை கோழியை முந்தினாள், பால்காரரை முந்தினாள், ஒருநாள் தன் தூக்கத்தையே முந்திக்கொண்டு புடவையைத் திருப்பிக் கட்டியபடி களம் புகுந்தாள். கூட்டினாள், குவித்தாள், கோணியில் அடைத்தாள், வெற்றிக்களிப்போடு அப்படியே பாத்தியில் கொட்டினாள்.

அங்கேதான் பிசகிற்று. பொடிக்க வேண்டிய இலையைப் பொடிக்கவில்லை. வாதாம் இலையோ ஒவ்வொன்றும் ஒரு தட்டு. ஊற்றிய தண்ணீர் தட்டிலேயே தங்கிவிட்டது, வேர் அண்ணாந்து பார்த்தது. மறுநாள் மேல்காற்று ஒரு மூச்சு விட்டதுதான் தாமதம், கோட்டை தாண்டும் குதிரைப்படைபோல் சருகனைத்தும் எழுந்து, மதில் கடந்து, வீதி கடந்து, பட்டம்மாள் வாசலில் போய்ச் சரணடைந்தன. அவள் தீக்குச்சியைக் கிழித்தாள்.

"நம்ம வூட்டுக் குப்பை பத்தாதுன்னு பார்சல் வேற அனுப்பிக்கினு கீறீங்களே மாமி!" என்று புகைக்கு நடுவிலிருந்து எக்காளமிட்டாள்.

மறுபடியும் விடியுமுன் எழுந்து கோணி கோணியாய்ச் சருகு சேர்த்து, இம்முறை பொடித்தே தீருவது என்று மிக்ஸியின் மூடியைத் திறந்தாள் மங்கை. அவ்வளவில் இடிபோல் எழுந்தது ஒரு குரல். அவள் கணவர், ஆசார சீலர், மடியின் மலை, ஆராவமுதன்!

"தெருக் குப்பையை அரைச்ச மிக்ஸியில நாளைக்குப் பெருமாள் தளிகைக்குத் தேங்காய் அரைப்பியோ? இந்தச் சருகு நிலைப்படியைத் தாண்டினா, நான் நிலைப்படியைத் தாண்டிப் போயிடுவேன்!"

அவர் எங்கேயும் போகமாட்டார். காபி நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் சபதம் சபதம்தான். அத்தனையையும் கையால் நொறுக்க ஒருத்தியால் ஆகுமா? கோணிகள் மதிலோரம் முடங்கின. துளசியோ நாளுக்கு நாள் சுருண்டது.

இப்படியிருக்க, திருப்புட்குழிப் பெருமாளைச் சேவிக்கப் போன வழியில், ஆட்டோவுக்குள்ளிருந்து அந்தக் காட்சியைக் கண்டாள். உழவர்கள் தார்ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பிவைத்திருந்தார்கள். போகிற லாரியும் வருகிற பஸ்ஸும் கூலி கேட்காமல் மிதித்து மணியை உதிர்த்துக் கொடுத்துவிட்டுப் போயின. மங்கையின் நெஞ்சில் மின்னல் வெட்டியது. தன் தெருவில் லாரி ஏது? ஆனால் பங்குனிப் புறப்பாட்டில் பெருமாளோடு ஊரே நடந்து வருகிறதே!

புறப்பாட்டன்று காலை, தெருவே தெளித்துக் கோலமிட்டுக் காத்திருக்க, தன் வாசலை மட்டும் உலரவிட்டு, கோணிகளை அவிழ்த்து வீதியின் அகலத்துக்கும் சருகைப் பரப்பினாள் அந்த அஞ்சா நெஞ்சினாள். விளக்குமாறும் கையுமாய்ப் பாய்ந்து வந்தாள் பட்டம்மாள்.

"இன்னா மாமி இது! சாமி வர வழியில குப்பையக் கொட்டிக்கினு! தள்ளுங்க, பெருக்கிடறேன்."

"தொடாதேம்மா! துளசி சாகறது. இன்னிக்கு விட்டா எனக்கு வேற வழி கிடையாது."

துளசி என்றதும் விளக்குமாறு அந்தரத்தில் நின்றது. அதற்குள் பெருமாள் வருகிறார் என்று திருச்சின்னக் குழல் முழங்கிற்று! பெருமாள் எதிரே விளக்குமாற்றோடு நிற்கலாமோ? முதுகுக்குப் பின்னே மறைத்துக்கொண்டு ஒதுங்கினாள் பட்டம்மாள். கொடி வந்தது, மேளம் வந்தது, பிரபந்தம் பாடும் கோஷ்டி வந்தது. பஞ்சகச்சமும் பன்னிரு திருமண்ணுமாய் அந்தப் பாதசேனை சருகுக்கடலில் இறங்க, பாசுரத்துக்குத் தாளம் போட்டாற்போல் நொறுநொறுவென்று நொறுங்கின இலைகள். பின்னே பெருமாளைத் தாங்கினோர் மிதித்தனர், வேதம் ஓதினோர் துவைத்தனர், ஊரெல்லாம் ஒருசேர உழக்கிற்று. கற்பூர ஆரத்தி காட்டித் திரும்பிப் பார்த்தால், தெருவில் இலை என்று ஒன்று இல்லை. எல்லாம் பொடி!

ஆராவமுதன் நிலைப்படியில் நின்றார். மங்கை கைநிறையப் பொடியை அள்ளி நீட்டினாள்.

"இப்பவும் குப்பையான்னு சொல்லுங்கோ. அத்தனை பாகவதாளோட பாததூளி!"

மலை அசைந்தது. அடியார் காலடி பட்ட பொடியை மறுக்க எந்த மடிக்கு வாய் உண்டு? ஒரு சிட்டிகை எடுத்துத் தலையில் இட்டுக்கொண்டு, தும்மி, மறுபடி தும்மி, தானே கோணியைப் பிரித்துப் பிடித்தார் அந்த மகான்.

அப்போது பார்த்து மேல்காற்று மீண்டும் கிளம்பியது! ஒரு துடைப்பத்தால் ஆகிற வேலையா? பட்டம்மாள் கையிலிருந்ததோ பொடிக்கு எடுபடாத தேய்ந்த விளக்குமாறு. மங்கை உள்ளே ஓடி, புதுத் துடைப்பத்தைக் கொண்டுவந்து எதிரியின் கையில் கொடுத்தாள்.

"எனக்கும் கொஞ்சம் குடுப்பீங்களா மாமி? ரோஜாத்தொட்டி காஞ்சிக்கினு கீது" என்றாள் பட்டம்மாள்.

"பாதி எடுத்துக்கோ. முதல்ல பெருக்கு!"

நேற்றுவரை எதிரெதிர் நின்ற இருபெரும் படைத்தலைவியரும் தெருவின் இரு முனையிலிருந்து பெருக்கிக்கொண்டு வந்து நடுவில் சந்தித்த காட்சியைக் காண, தேவர்கள் வந்தார்களோ இல்லையோ, தெருவே வந்து நின்றது. பொடி பாத்தியில் படிந்தது. நீர் தெளிக்க மண்ணோடு ஒட்டியது. பொருது பார்த்த கதிரவன் கையொடிந்து மேற்கே சாய்ந்தான். சித்திரை எரிந்தது, துளசி தழைத்தது. வைகாசியில் கருடன்மேல் வந்த பெருமாள் அந்த வாசலில் நின்றபோது, முழநீளத் துளசிமாலையை நீட்டிய மங்கை, நிமிர்ந்து, கண்ணாரப் பார்த்தாள். மணம் கமழ, மேளம் முழங்க, விண்ணும் மண்ணும் வாழ்த்த, அம்மாலை அத்திருமார்பில் அசைந்தது!

பட்டம்மாள் மட்டும் அந்தப் புதுத் துடைப்பத்தை இன்னும் திருப்பித் தரவில்லை.